அப்பா உட்கார்ந்தபடியே படகேறிய கதை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கையும் காலும் பலவீனம். கைத்தடி இருந்தால் வீட்டுக்குள் நடப்பார். ஆனால் எங்களுடைய சின்ன ஃபைபர் படகில் மறுபடி ஏற வேண்டும் என்ற ஆசையை அவர் விடவே இல்லை.

முதல் தடவை நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். படகை அணியத்தில், அதாவது முன்முனையில், மட்டும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தேன். அவர் வலது காலைத் தூக்கி விளிம்பில் வைத்தார். மிதித்த வேகத்தில் படகு விலகியது. ஒரு கால் துறையில், ஒரு கால் படகில், நடுவே தண்ணீர். பதறிப்போய் நான் பிடித்து இழுத்தது அவருடைய இடது கையை. விழாமல் தப்பித்தார்; தோள்பட்டை வலி அடங்கத்தான் மூன்று வாரம் ஆனது. பக்கவாதம் வந்த பக்கம் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு விலகிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வழி சொன்னதும் அந்த பிசியோதெரபிஸ்ட்தான். “அவரை ஏன் நிக்க வைக்கிறீங்க? கட்டில்லருந்து வீல்சேருக்கு மாத்துற மாதிரி உட்கார வச்சே மாத்துங்க.”

எங்களுடையது மிதவைத்துறை, நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். துறையின் தளமும் படகின் விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நாற்காலி 45 செ.மீ., அதை ஒட்டி 25 செ.மீ. உயரத்தில் அகலமான ஸ்டூல், அடுத்து விளிம்பு மட்டத்துக்குப் படகுக்குள் திருகிவைத்த பிளைவுட் பலகை, கடைசியில் படகின் இருக்கை. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, அடுத்ததற்கு நகர்கிறார். அணியத்திலும் அமரத்திலும் (பின்முனையிலும்) கயிற்றை இறுக்கிக் கட்டுகிறோம். அவர் எடை ஒரு பக்கம் விழும்போது படகு சாயாமலிருக்க, தம்பி முன்கூட்டியே எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிடுவான். நான் அப்பாவின் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வேன். லைஃப் ஜாக்கெட்டை நாற்காலியிலேயே மாட்டிவிடுகிறோம்.

எப்போதும் நல்ல பக்கமாகத்தான் நகர வேண்டும். போகும்போது அணியத்தைப் பார்த்து உட்கார்ந்தால் படகு அவருக்கு வலப்பக்கம். திரும்பும்போதும் அப்படியே உட்கார்ந்தால் துறை இடப்பக்கம் வந்துவிடும். அதனால் இறங்குவதற்கு முன் அவரை அமரத்தைப் பார்க்கத் திருப்பி உட்கார வைக்கிறோம். இது புரியவே எனக்கு இரண்டு பயணம் ஆனது. இறங்குவதுதான் கஷ்டமும்கூட, ஒவ்வொரு தடவையும் உடம்பை மேலே தூக்க வேண்டுமே. அதற்காகத் துறையில் துருப்பிடிக்காத ஒரு ஸ்டீல் கைப்பிடி போட்டோம். அதை அவர் வலது கையால் பற்றும்போது புறங்கை நரம்பு புடைத்து நிற்கும். நான் பெல்ட்டைத் தூக்கினால் “விடு, நானே வர்றேன்” என்பார்.

* * *

அப்பாவைப் படகேற்றிய கதையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். எங்கள் துறை கான்கிரீட், நிலையானது. வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும் நேரத்தில், படகு கீழே போய்விடும். அதனால் துறையும் விளிம்பும் மட்டமாக வரும் நேரம் பார்த்துத்தான் கிளம்புவேன், திரும்பும் நேரத்தையும் அப்படியே கணக்குப் போடுவேன்.

கைப்பிடி பற்றி ஒன்று. நான் முதலில் ரப்பர் கப் வைத்து ஒட்டும் கைப்பிடி வாங்கினேன். ஈரத்தில் கையோடு வந்துவிட்டது. ஃபைபரில் வெறும் திருகாணியும் நிற்காது. பின்னால் தகடு கொடுத்து, போல்ட்டை ஊடுருவ விட்டு நட்டு போடுங்கள். முழு எடையும் அதில் தொங்கும்.

அப்புறம் ஏணி. தவறி விழுந்தால் தண்ணீரிலிருந்து திரும்ப ஏற வேண்டுமே! நீர்மட்டத்தோடு முடிந்துவிடும் ஏணியில் முழங்காலை மார்புவரை மடக்க வேண்டியிருக்கிறது, என்னால் முடியவில்லை. கீழ் இரண்டு படி நீருக்குள் இருக்கும் ஏணி மாற்றியபின் ஏறினேன். ஏணியில் ஆள் இருக்கும்போது எஞ்சின் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும்.

* * *

இதைப் படித்த இன்னொருத்தி நான், வீல்சேரில் இருப்பவள். தயவுசெய்து யாரையும் வீல்சேரோடு சேர்த்து பெல்ட் போட்டுப் படகில் உட்கார வைக்காதீர்கள். என்னை ஒருமுறை அப்படித்தான் ஏற்றினார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. படகு கவிழ்ந்தால் நாற்காலி என்னையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதோடு உட்காரும் உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும். இப்போது தாழ்வான இருக்கைக்கு மாறிவிடுகிறேன், வீல்சேர் துறையிலேயே இருக்கும்.

கழுத்துக்குக் கீழே இயக்கமில்லாத ஹிலரி லிஸ்டர், குழாயில் ஊதியும் உறிஞ்சியும் பாய்மரப் படகை இயக்கி 2009-ல் பிரிட்டனைத் தனியாகச் சுற்றிவந்தார். அவரையும் யாரோ தினமும் பொறுமையாகப் படகில் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கைகளைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

* * *

முதலில் எழுதியது நான்தான். வந்த பதில்களை எல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏணியைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒரு கையால் அவரால் ஏற முடியாது என்பதால், தண்ணீரிலிருந்து தூக்க இடுப்புப் பட்டை ஏதாவது பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள். அதுவரை கரையை ஒட்டியே போகிறோம்.