நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒளிப்படப் பயிற்சி: பழைய கேமராக்களும் ஓர் ஆலோசனையும் தேவை

வணக்கம். திருவையாறு அருகே, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் டிஜிட்டல் ஒளிப்படம் கற்பித்து வருகிறேன். ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி புகும் நேரத்தை) நொடியில் 500-இல் ஒரு பங்காக வைத்தால் மதகில் பாயும் நீர் துளித்துளியாகப் பிரிந்து தெரிவதையும், 15-இல் ஒரு பங்காக்கினால் அதே நீர் பால்போல் இழைவதையும் அவர்கள் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இருப்பதோ ஒரே கேமரா. அது கடைசிப் பிள்ளையை எட்டுவதற்குள் ஆற்றங்கரையில் வெளிச்சம் மங்கிவிடுகிறது.

மேனுவல் முறை (ஷட்டர் வேகம் முதலியவற்றை நாமே மாற்றி அமைக்கும் வசதி) உள்ள கேமரா உங்கள் வீட்டில் பயன்பாடின்றி இருந்தால், எவ்வளவு பழையதாயினும், இரவலாகத் தந்து உதவுங்கள். மேலும், அப்பர்ச்சர் எண் (லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவைக் குறிக்கும் எண்) குறையும்போது அந்தத் துளை ஏன் பெரிதாகிறது என்பதைப் பின்னம் இன்னும் கைவராத ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி விளக்கலாம் என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் கூறினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.