என்லார்ஜருக்கு எந்த லைட் போடலாம்? வீட்டு எல்ஈடி சரிவருமா?

வெள்ளவத்தை_கறுப்புவெள்ளை:
வணக்கம். சித்தப்பா முந்தி ஸ்டூடியோ வைத்திருந்தவர், அவருடைய மியோப்டா ஓபெமஸ் 6 என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் அடிக்கிற கருவி) இப்போது என்னிடம் வந்திருக்கிறது. லென்ஸில் பூஞ்சணம் இல்லை, வெளிச்சத்தைக் குவித்து நெகட்டிவுக்கு அனுப்புகிற கண்டென்சர் கண்ணாடிகளும் தெளிவு. ஆனால் உள்ளே இருந்த 75 வாட் பால்நிற பல்ப் இரண்டாம் நாளே எரிந்துவிட்டது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும் அந்த மாதிரி ஒன்று அகப்படவில்லை, கடைசியில் 9 வாட் எல்ஈடி வாங்கிப் போட்டேன். நடுவில் நல்ல வெளிச்சம், நாலு மூலையும் மங்கல். அம்மம்மாவின் முகம் சரியாக விழுகிறது, வெளிச்சம் குறைந்த ஓரத்தில் பேப்பர் கறுக்காததால் அங்கே நிற்கிற ஆட்கள் எல்லாம் வெளிறிப் போகிறார்கள். மல்டிகிரேட் பேப்பரும் (பில்டரை மாற்றினால் கிரேட், அதாவது கான்ட்ராஸ்ட் அளவு, மாறுகிற பேப்பர்) பில்டர்களும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து பழைய கலர் ஹெட் (நிற பில்டர்கள் உள்ளேயே இருக்கிற விளக்குப் பகுதி) ஒன்று எடுப்பிக்கவா, இதையே திருத்தவா?

கொட்டாஞ்சேனை_இருட்டறை:
தம்பி, கலர் ஹெட்டுக்குக் காசு அனுப்ப முதல் இதைச் செய்து பாருங்கள். பழைய பால் பல்ப் உருண்டை முழுவதும் ஒரேமாதிரி எரியும், கண்டென்சர் அதற்காகவே செய்தது. வீட்டு எல்ஈடியில் சிப்புகள் ஒரு தட்டில் இருந்து முன்பக்கம் மட்டும்தான் வெளிச்சம் கொட்டும். பெயர்ப்பலகை செய்கிற கடையில் 3 மில்லிமீற்றர் பால்நிற அக்ரிலிக் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, பல்புக்கும் கண்டென்சருக்கும் நடுவில் வையுங்கள். வெளிச்சம் குறையும், பரவாயில்லை, பேப்பருக்குச் சில செக்கன் கூடக் கொடுத்தால் போச்சு. கண்ணை நம்பவேண்டாம்: நெகட்டிவ் இல்லாமல், லென்ஸின் துவார அளவை எஃப் 8இல் வைத்து, ஒரு முழுப் பேப்பரை நடுச் சாம்பல் நிறத்துக்கு அடித்துப் பாருங்கள், மூலைகளின் குறை அதில் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. கண்டென்சர் வெளிச்சம் ஒரே திசையில் வருவதால் நெகட்டிவின் அடர்த்தியான இடங்களில் வெள்ளி மணிகள் அதைச் சிதறடித்து இன்னும் தடுக்கும், கலியர் விளைவு என்பது இதுதான். பரவிய வெளிச்சத்தில் அது இல்லை, கான்ட்ராஸ்ட் ஏறக்குறைய ஒரு கிரேட் இறங்கும், பில்டரால் ஏற்றிக்கொள்ளலாம். கீறலும் தூசியும் அவ்வளவு தெரியாது. சித்தப்பாவின் பழைய நெகட்டிவ்களுக்கு நான் பரவிய வெளிச்சத்தைத்தான் சொல்வேன்.

தெஹிவளை_அக்கா:
நான் 12 வோல்ட் 100 வாட் ஹலோஜன் கலர் ஹெட்டில்தான் அடிக்கிறேன். மஞ்சள், மஜெண்டா குமிழைத் திருகினால் கிரேட் மாறும், அந்த வசதிக்கு அடிமையாகிவிட்டேன். ஆனால் பின்னேரத்தில் பக்கத்து வீடுகளில் ஏசி போடத் தொடங்கினால் கரண்ட் இறங்கும், இழை பல்புக்கு வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டில் வெறும் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் 15 சதவீதம் அளவுக்குப் போய்விடும். ஒரே நெகட்டிவ், ஒரே நேரம், இரண்டாவது பிரிண்ட் வெளுப்பு! டெவலப்பரைத்தான் மாதக்கணக்காகச் சந்தேகப்பட்டேன். ஸ்டெபிலைசர் வாங்கின பிறகுதான் நிம்மதி. நல்ல டிரைவர் (கரண்டைச் சீராகக் கொடுக்கிற சுற்று) உள்ள எல்ஈடிக்கு இந்தத் தொல்லை குறைவு.

சோல்டரிங்_பொடியன்:
எல்ஈடியில் நான் பயப்படுவது வேறு. அணைத்த பிறகும் சில பல்ப் கொஞ்ச நேரம் மினுங்கும், சிலது பிந்தி எரியும். ஒரு துண்டில் 10 செக்கன் ஒரே தடவையாக, பக்கத்தில் 1 செக்கனாகப் பத்துத் தடவை கொடுங்கள். இரண்டும் ஒரே நிறம் இல்லையென்றால் அந்த பல்பைத் தூக்கிப் போடுங்கள். டிம்மர் வேண்டவே வேண்டாம்.

வெள்ளை எல்ஈடியில் நீலம் 450 நானோமீற்றர் பக்கம் உயர்ந்து நிற்கும், பிறகு ஒரு பள்ளம், பிறகுதான் பச்சை. மல்டிகிரேட் பேப்பர் நீலத்தையும் பச்சையையும் வைத்துத்தான் கிரேட் பிரிக்கிறது, ஆகவே பில்டரில் எழுதியிருக்கிற எண்ணை அப்படியே நம்பாமல் உங்கள் பல்புக்கு நீங்களே ஒருதரம் அளந்து எழுதி வையுங்கள். நான் நீலம், பச்சை எல்ஈடிகளைத் தனித்தனியாக அலுமினியத் தட்டில் வைத்துக் கட்டினேன், பில்டரே தேவையில்லை. ஆனால் முதல் வேலையாக இதைத் தொடங்கவேண்டாம்.

வெள்ளவத்தை_கறுப்புவெள்ளை:
அண்ணா, அக்ரிலிக் வைத்து இரவு அடித்தேன். சாம்பல் பேப்பரில் ஒரு மூலை மட்டும் இலேசாக வெளிறியிருந்தது, பல்பைக் கொஞ்சம் மேலே தூக்கினதும் அதுவும் போச்சு. பத்துத் தடவைப் பரிசோதனையில் மட்டும் என் பல்ப் தோற்றுவிட்டது, பத்துத் துண்டாகக் கொடுத்த பக்கம் கறுப்புக் கூட. நாளைக்குத் திரும்பப் புறக்கோட்டை போகிறேன், இந்தமுறை இரண்டு மூன்று வகை வாங்கி வந்து எல்லாவற்றையும் இப்படியே சோதிக்கப் போகிறேன். கலர் ஹெட்டுக்கு வைத்திருந்த காசு பேப்பருக்கு.