ஃபைபர்கிளாஸ் பானெட்டில் பெயின்ட்டுக்கு மேல் மீண்டும் வரும் விரிசல்

கேள்வி:

வணக்கம். என்னிடம் உள்ள காரின் பாடி முழுவதும் ஃபைபர்கிளாஸால் ஆனது; வயது 40 ஆண்டுகளுக்கு மேல். பானெட்டில் கீல் பொருந்தும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிமனையில் அவற்றின் மேல் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் அதே கோடுகள் அதே இடத்தில் எழுந்துவிட்டன. இடது முன் மட்கார்டின் ஓரத்திலும் உள்ளங்கை அளவுக்கு உடைந்திருக்கிறது. இம்முறை நானே பொறுமையாகச் செய்ய நினைக்கிறேன். பழைய பெயின்ட்டை ரசாயனம் பூசி உரிக்கலாமா? கண்ணாடி இழைகளைப் பிணைத்து இறுகும் ரெசினில் பாலியஸ்டர் ஏற்றதா, எப்பாக்ஸி ஏற்றதா?

முதல் மறுமொழி:

விரிசல் திரும்பி வந்ததற்குப் பட்டியின் தரம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் பார்ப்பது ஜெல்கோட் என்னும் மேல்தோலின் விரிசல். அது இழையற்ற வெறும் ரெசின் என்பதால், அடியில் உள்ள தகடு வளையும்போது முதலில் அதுதான் வெடிக்கும். பட்டிக்கும் இழை கிடையாது. எனவே தகடு வளைவதை நிறுத்தாமல் மேலே எதைப் பூசினாலும் அதுவும் வெடிக்கத்தான் செய்யும். முதலில் பானெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். கீலின் போல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் இழையடுக்கு ரெசினிலிருந்து பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் பொத்தென்றும் ஒலி கேட்கும்.

பெயின்ட் உரிக்கும் ரசாயனத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். உலோகத்துக்காகச் செய்யப்பட்டவற்றில் பல, பெயின்ட்டோடு ரெசினையும் இளக்கிவிடும். ஜெல்கோட்டின் நுண்துளைகளில் தங்கிவிட்டால் பல மாதங்கள் கழித்துப் புதுப் பெயின்ட்டில் கொப்புளமாக வெளிப்படும். மெழுகு நீக்கும் திரவத்தால் முதலில் துடைத்துவிட்டு, 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கித் தேய்த்தே எடுங்கள். துடைக்காமல் தேய்த்தால் பழைய பாலிஷின் மெழுகும் சிலிக்கோனும் கீறல்களுக்குள் இறங்கிவிடும். ஜெல்கோட் தென்பட்டதும் கை தானாக மெதுவாக வேண்டும்.

பிறகு ஒவ்வொரு விரிசலையும் அதன் அடி தெரியும்வரை அகலத் தேய்த்துத் திறக்க வேண்டும். கீலைச் சுற்றி வலைபோல நெருக்கமாக இருந்தால், அந்த வட்டத்தின் ஜெல்கோட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு, அங்கே மெல்லிய கண்ணாடி இழைத்துணி ஓர் அடுக்கு போடுவதே உறுதியான வழி. பின்புறத்திலும் இரண்டு மூன்று அடுக்கு போட்டுத் தகட்டைத் தடிப்பாக்குங்கள்.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மட்கார்டு பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். உடைந்த விளிம்புகளை நேருக்கு நேர் ஒட்டினால் நிற்காது. தகடு 3 மி.மீ. தடிமன் என்றால், விளிம்பிலிருந்து சுமார் 36 மி.மீ. தொலைவுவரை, தடிமனைப்போல் 12 மடங்கு, சரிவாகத் தேய்த்துக்கொண்டு அந்தச் சரிவின் மேல்தான் புது அடுக்குகளை ஏற்ற வேண்டும். பழைய ரெசினோடு புதியது வேதியியல் முறையில் பெரிதாக இணையாது. கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும் என்பதால் இந்தப் பரப்பே ஒட்டின் வலிமை.

சாதாரண ஃபைபர்கிளாஸ் தகட்டுக்குப் பாலியஸ்டர் போதும், ஆனால் பழுதுக்கு எப்பாக்ஸி இன்னும் நன்றாகப் பற்றும். எப்பாக்ஸியோடு நெய்த இழைத்துணியைப் பயன்படுத்துங்கள். சாதாரண வெட்டிழைப் பாயை (குட்டையாக வெட்டிய இழைகளைப் பரப்பி ஒட்டியது) பிணைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பானில்தான் கரையும், எப்பாக்ஸியில் பாய் விறைப்பாகவே நிற்கும். பாலியஸ்டர் என்றால் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்). எப்பாக்ஸியில் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும், கூட்டினால் விரைவில் இறுகாது, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். 1953இல் வந்த முதல் கார்வெட் என்னும் ஃபைபர்கிளாஸ் காரைப் போன்ற பழைய வண்டிகளின் தகட்டுப் பின்புறத்தில் இழைகள் கரடுமுரடாகத் தெரியும். இருபுறமும் வழவழப்பாக இருந்தால் அது அச்சில் வெப்பத்தால் அழுத்திய எஸ்.எம்.சி. வகையாக இருக்கலாம். அதில் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. எப்பாக்ஸியோ அதற்கென்றே வரும் பசையோதான் வேண்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. பானெட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். கீலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பொத்தென்றுதான் கேட்கிறது. பின்புறம் இழைகள் நன்றாகத் தெரிகின்றன. பழுது முடித்த பிறகு எத்தனை நாளில் பெயின்ட் அடிக்கலாம்?

முதல் மறுமொழியாளர்:

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கைக்குக் கெட்டியானாலும் ரெசின் உள்ளே தொடர்ந்து இறுகிச் சுருங்கிக்கொண்டிருக்கும். உடனே பெயின்ட் அடித்தால் பழுதின் எல்லைக்கோடும் துணியின் நெசவும் மெல்லப் பளபளப்பில் தெரியத் தொடங்கும். குறைந்தது இரண்டு வாரம் விட்டு, தட்டையாகப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருங்கள். எப்பாக்ஸி என்றால் மேலே படியும் மெழுகுபோன்ற படலத்தை முதலில் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். இழை வெளியே தெரியும் இடத்தில் ஈரத் தேய்ப்பு வேண்டாம், நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஊசித்துளைகளைப் பட்டியால் அழுத்தி அடைத்த பிறகே எப்பாக்ஸி ப்ரைமர் அடியுங்கள். ப்ரைமர் துளையை மூடாது, மேலே பாலம் கட்டும், பின்னர் வெயிலில் உள்ளிருக்கும் காற்று அதை வெடிக்கவைக்கும்.

தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் சுவாச முகமூடியும் கட்டாயம். முடித்ததும் கைகளைக் குளிர்ந்த நீரால் கழுவுங்கள்.