கணினியை அணைப்பதா, ஸ்லீப்பில் போடுவதா?

மதுரைவாசி:
நண்பர்களுக்கு வணக்கம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். விண்டோஸ் 10 உள்ள என் மேசைக் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துத் திரும்பினாலும் அது முழுதாகத் திறந்திருக்காது. அதற்குச் சலித்துக்கொண்டே காலை 8 மணிக்குப் போட்டால் இரவு 11 வரை அணைப்பதில்லை. ஆனால் உண்மையில் வேலை செய்வது ஐந்து மணி நேரம்தான். இந்த முறை ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டி, கட்டண அடுக்கே மாறிவிட்டது. ஸ்கிரீன் சேவர் வைத்திருக்கிறேன், அது போதாதா? ஸ்லீப்பில் போட்டால், கரண்ட் போகும்போது எழுதியது அழிந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பழைய மெக்கானிக்:
ஸ்கிரீன் சேவரால் மின்சாரம் மிச்சமாகாது ஐயா. ஒரே படம் நின்று, பழைய பிக்சர் டியூப் திரையில் தழும்பு விழாமல் இருக்க வந்தது அது. உங்கள் கணினியும் மானிட்டரும் சும்மா இருக்கும்போது சேர்ந்து 80 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்துக்கு 0.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 48 யூனிட் ஆகிறது. அதே நேரம் ஸ்லீப்பில் 3 வாட் அளவில் கிடந்தால் 2 யூனிட்கூட வராது. திரை 5 நிமிடத்திலும் கணினி 15 நிமிடத்திலும் தூங்கும்படி வையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்ற மின் திட்டம் இருந்தால் 'பேலன்ஸ்டு'க்கு மாற்றிவிடுங்கள். கணக்கு எழுத அது தாராளம்.

கோவை வாசகி:
கரண்ட் பயத்துக்கு மருந்து 'ஹைபிரிட் ஸ்லீப்'. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதிக்குள், ஸ்லீப் என்பதன் கீழ் அது இருக்கும். திறந்திருப்பவற்றை நினைவகத்தில் வைத்துக்கொள்வதோடு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவிடுவதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்தே திறக்கும். சில கணினிகளில் இந்த வசதி தென்படாது. அவற்றில், திறந்திருப்பவற்றை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்நேட்தான் வழி. எதுவானாலும் எழுந்து போகுமுன் கன்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கத்தை விடாதீர்கள்.

மதுரைவாசி:
ஹைபிரிட் ஸ்லீப் இருந்தது, போட்டுவிட்டேன். விசைப்பலகையைத் தொட்டதும் சில நொடிகளில் நேற்றைய லெட்ஜர் அப்படியே நிற்கிறது. ஆனால் இரவு 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், ஆளில்லாத அறையில் சிபியூ விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது!

பழைய மெக்கானிக்:
அதே ஸ்லீப் பகுதியில் 'வேக் டைமர்ஸ்' என்பதை முடக்குங்கள். நள்ளிரவில் அப்டேட்டுக்காக எழுப்புவது பெரும்பாலும் அதுதான். பிறகும் எழுந்தால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற விரைவுத் தொடக்க வசதி இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதி புதிதாகத் தொடங்குவதில்லை. திறக்கும் தாமதத்துக்கு மட்டும் செட்டிங்குகள் பெரிதாக உதவாது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டிதான் போட வேண்டும்.

மதுரைவாசி:
டைமரை முடக்கியும் எழுந்தது. நெட்வொர்க் கார்டின் அனுமதியை எடுத்த பிறகு மூன்று இரவுகளாக விசிறிச் சத்தம் இல்லை. நன்றி ஐயா, நன்றி அம்மா.