வாயால் சொன்னதை எழுதி வாங்கியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவம்

வைகைக்கரை:
அப்பா 2019-இல் ஓய்வு பெற்றார். பி.எஃப். பணம் கணக்கில் விழுந்த அதே வாரம் வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "எஃப்.டி. மாதிரிதான் சார். ஒரே தடவை கட்டினால் போதும்" என்றார். அவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். சரிபார்க்க போன் வந்தால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

மறு ஆண்டு இரண்டாவது பிரீமியம் கேட்டு மெசேஜ் வந்தது. அப்புறம்தான் பீரோவிலிருந்த பாலிசியைப் பிரித்தேன். அது யூலிப், அதாவது காப்பீட்டோடு பங்குச்சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி. 10 ஆண்டு கட்ட வேண்டியது. வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க இருந்த 15 நாள் எப்போதோ போயிருந்தது. நிறுத்தினாலும் 5 ஆண்டு முடியாமல் பணம் கைக்கு வராது.

வங்கிக்குப் போனோம். வந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். "ஒரே தடவை என்று சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" எங்களிடம் ஒன்றுமில்லை. அவர்களிடம் படிவம் இருந்தது. எவ்வளவு ரிஸ்க் எடுப்பீர்கள் என்ற கேள்விக்கு 'அதிகம்' என்று டிக். டிக் எல்லாம் நீல மை, அப்பாவின் கையெழுத்து மட்டும் கறுப்பு. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், வீடு வரும்வரை பேசவில்லை.

இப்போது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரிடம் போகிறோம். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மெயிலில் ஒரு பக்கம் வருகிறது: என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், நீங்கள் எதை வேண்டாமென்றீர்கள். அப்பா அதைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்துவைக்கிறார்.

பொன்மலை:
படிக்கவே மனசு கனக்கிறது. நான் அப்படியோர் ஆலோசகரின் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். செபியின் 2013 விதிகளின்படி வாயால் சொன்ன ஆலோசனைக்கும் பதிவு வேண்டும். சொன்னதற்கான காரணம் தேதி, கையெழுத்தோடு இருக்க வேண்டும். 5 ஆண்டாவது பாதுகாக்க வேண்டும். ஆனால் இது பதிவு பெற்ற ஆலோசகருக்கான விதி. கமிஷனுக்கு பாலிசி விற்க வருபவர் இதற்குள் வரமாட்டார். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அந்தக் காகிதம் எங்களையும் காப்பாற்றியிருக்கிறது. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது ஒருவர் கொதித்துப்போய் வந்தார். "எல்லாத்தையும் பங்கில் போடச் சொன்னதே நீங்கதானே!" ஃபைலை எடுத்தோம். 'மகள் கல்யாணப் பணத்தைப் பங்கில் போட வேண்டாம்' என்று நாங்கள் எழுதியதற்குக் கீழே, 'பரவாயில்லை, அதையும் போடுங்கள்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு முறை படித்தார். தண்ணீர் கேட்டார். அப்புறம் கல்யாணச் செலவுக்கு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசினோம்.

நெல்லைச்சீமை:
எனக்குப் பாலிசி விற்க வந்தவர் தெரிந்த அண்ணன்தான். அவர் கிளம்பியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "5 வருஷம் கட்டினால் போதும், போட்ட பணத்துக்கு மோசம் வராதுன்னு சொன்னீங்க. சரிதானே அண்ணா?" நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை, போன்தான் வந்தது. "எதுக்கும்மா இதையெல்லாம் எழுதிக்கிட்டு?"

எழுதிவைத்திருந்த செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.