நாலாம் கிளாஸ் பிள்ளைக்குத் தமிழ்க் கதைப்புத்தகம் எது? ஃபோனை எப்படிக் குறைக்க?

மார்த்தாண்டம்_அம்மா:
மகள் நாலாம் கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். மகன் யு.கே.ஜி. அவ வயசுக்குன்னு கடைக்காரர் எடுத்துத் தர்ற கதைப்புத்தகத்தை ரெண்டு பக்கத்தோட மூடி வெச்சிடுறா. பையனுக்கு ஃபோன் இல்லாம சோறு இறங்காது. மழையும் பிடிச்சாச்சு, வெளிய விட முடியல. என்ன புத்தகம் வாங்கலாம்? ஃபோன் எவ்வளவு நேரம் விடலாம், எப்படி நிறுத்த?

குழித்துறை_டீச்சர்:
வயசைப் பார்த்து வாங்குறதுதான் சிக்கல். வாசிப்பு எந்தப் படியில நிக்குதுன்னு பார்த்து வாங்குங்க.

புத்தகத்தோட நடுவுல ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரலை மடக்குங்க. பக்கம் முடியுமுன்ன அஞ்சும் மடங்கினா அது நீங்க வாசிச்சுக் காட்ட வேண்டிய புத்தகம், அவ தனியா வாசிக்கிறதில்ல. ரெண்டு மூணு விரல்னா சரியான புத்தகம். ஒண்ணுமே மடங்கலேன்னாலும் கொடுங்க, சரளம் வர்றது அதுலதான்.

எங்க தடுக்குதுன்னு கவனிங்க. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குக் க, கா, கி, கீ வரைக்கும் தடையில்லாம வரும். கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமுமா வர்ற எழுத்துதான் உதைக்கும். ‘கொடி’யைக் ‘கெடி’ம்பா. ‘வௌவால்’ வந்தா ‘வெ-ள-வால்’. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வித்தியாசமும் அப்படித்தான். ஒ, ஓ, ஔ வரிசையை மட்டும் தனியா எடுத்து, தினம் அஞ்சாறு வார்த்தை பெருசா எழுதிக் காட்டினா போதும். மொத்த அரிச்சுவடியையும் திரும்ப ஆரம்பிக்காதீங்க, அலுத்துடும்.

பக்கத்துல உட்கார்ந்து 15 நிமிஷம் சேர்ந்து வாசிங்க, ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் அவ. தடுக்கினா மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அப்பவும் வரலேன்னா வார்த்தையை நீங்களே சொல்லிட்டு நகருங்க. எழுத்துக்கூட்டச் சொல்லி அங்கேயே நிறுத்தினா கதை அறுந்துபோகும். முடிச்சதும் ‘இதுல என்ன நீதி?’ன்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க.

பையனுக்குக் கவிமணியோட குழந்தைப் பாட்டுகள். நம்ம தேரூர்க்காரர்தான். பாட்டு மனப்பாடம் ஆனதுக்கப்புறம் அச்சைக் காட்டி, வார்த்தைக்கு வார்த்தை விரல் வெச்சுப் பாடச் சொல்லுங்க.

நாகர்கோவில்_நூலகன்:
டீச்சர் சொன்னதை ஒட்டி, என்ன வாங்கலாம்னு மட்டும் சொல்றேன்.

காசில்லாம தொடங்க ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட். பிரதம் புக்ஸ் நடத்துறது, தமிழ்க் கதைகள் நிறைய இருக்கு, பி.டி.எஃப். இறக்கிக்கலாம். லெவல் 1-ல ஒரு கதை 250 வார்த்தைக்குள்ள, லெவல் 2 600 வரை, லெவல் 3 1500 வரை. நாலாம் கிளாஸ்னாலும் உங்க மகளை லெவல் 1-ல இருந்தே தொடங்குங்க. ஃபோன்ல வாசிக்க விட்டா வாசிப்பு யூடியூப்ல போய் முடியும், அதனால அச்செடுங்க. பெரும்பாலான கதைகள் படுக்கைவாட்டுப் பக்கம். ஏ4 தாள்ல மேலே ஒண்ணு கீழே ஒண்ணா ஒரு பக்கம் மட்டும் அடிச்சு, நடுவுல வெட்டி, இடது ஓரத்துல ரெண்டு பின். 16 பக்கக் கதைக்கு 8 தாள். கறுப்பு வெள்ளையே போதும், கலர் அவளே அடிச்சுக்குவா.

தூலிகா பதிப்பகத்தோட தமிழ்-இங்கிலீஷ் இருமொழிப் படப்புத்தகங்கள் நல்லா இருக்கும். ஆனா இங்கிலீஷ் மீடியம் பிள்ளை கண்ணு இங்கிலீஷ் வரிக்குத்தான் ஓடும். ஒரு காகிதப் பட்டையால அதை மறைச்சு வெச்சு, தமிழை முடிச்ச பிறகு எடுங்க.

அரசுப் பள்ளியில தெரிஞ்சவங்க இருந்தா வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்க. நுழை, நட, ஓடு, பற-ன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க. சின்னப் புத்தகம், எளிய வரி.

அடுத்த கட்டத்துக்குத் துளிர்ங்கிற சிறுவர் அறிவியல் மாத இதழ். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லேர்ந்து கொண்டுவருது. அப்புறம் உதயசங்கரோட ‘ஆதனின் பொம்மை’, கீழடியை வெச்சு எழுதின நாவல், 2023-ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கினது. ஜெயமோகனோட ‘பனிமனிதன்’ பத்து வயசுக்கு மேல. அதுவரைக்கும் ராத்திரி ஒரு அத்தியாயம்னு நீங்க வாசிச்சுக் காட்டலாம். நீதிக்கதைத் தொகுப்பு மட்டும் வேண்டாம், அதுதான் எல்லார் வீட்டுலயும் பிரிக்காம கிடக்கு.

கருங்கல்_மொபைல்:
ஃபோன் விஷயம் நான் சொல்றேன் அக்கா. இந்தியக் குழந்தை மருத்துவர் அமைப்பான ஐ.ஏ.பி. சொல்ற அளவு: 2 வயசுக்குள்ள திரையே வேண்டாம், வெளியூர்ல இருக்க அப்பாகிட்ட வீடியோ காலில் பேசுறது மட்டும் விதிவிலக்கு. 2-லேர்ந்து 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, 5-லேர்ந்து 10 வரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள.

பிள்ளை ஃபோனைக் கட்டுப்படுத்த எல்லாரும் சொல்ற கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப் உங்க ஃபோன்ல வேலை செய்யாது. அது பிள்ளைக்குத் தனி கூகுள் அக்கவுண்ட் போட்ட தனி ஃபோனுக்கு. ஃபோன் செட்டிங்ஸ்ல இருக்க டிஜிட்டல் வெல்பீயிங்ல ஆப் டைமர் வெச்சா நேரம் முடிஞ்சதும் ஐகான் சாம்பலாகும், ஆனா நாலாம் கிளாஸ் பிள்ளை அதே இடத்துக்குப் போய் டைமரை எடுத்துடும்.

உங்க ஃபோனுக்கு இது: யூடியூப் கிட்ஸ் போடுங்க. கீழே பூட்டுப் படத்தைத் தட்டினா ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும். வாய்ப்பாடு தெரிஞ்ச பிள்ளைக்கு அது பூட்டே இல்ல, உடனே சொந்தப் பாஸ்கோட் வெச்சிடுங்க. உள்ளே டைமர் இருக்கு. ஆட்டோபிளேயையும் தேடலையும் அணைச்சிடுங்க. அப்புறம் ஃபோன் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள ஆப் பின்னிங். ‘எடுக்க பின் நம்பர் கேள்’ங்கிறதையும் போட்டாத்தான் அந்த ஆப்பை விட்டு வெளிய வரமாட்டாங்க. டி.வி.யில யூடியூப் இருந்தா அங்கயும் ஆட்டோபிளேயைத் தனியா அணைக்கணும், இங்க அணைச்சது அங்க போகாது.

நிமிஷக் கணக்கை விட ‘ரெண்டு கார்ட்டூன்’னு எண்ணிச் சொல்றது நல்லது. பாதிக் கார்ட்டூன்ல பிடுங்கினா எந்தப் பிள்ளையும் ரகளை பண்ணும். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்ன நிறுத்திடுங்க, அந்த நேரம்தான் டீச்சர் சொன்ன 15 நிமிஷத்துக்குச் சரி.

மார்த்தாண்டம்_அம்மா:
சோத்துக்கு என்ன செய்ய? பிள்ளைங்களோட அப்பாம்மா, என் மாமியார்தான் ஊட்டுறாங்க, அவங்ககிட்ட ‘ஃபோன் காட்டாதீங்க’ன்னு சொன்னா வருத்தப்படுறாங்க.

குழித்துறை_டீச்சர்:
யு.கே.ஜி. பிள்ளை தானே சாப்பிடும், ஊட்டுறதைத்தான் முதல்ல நிறுத்தணும். மூணு வேளையையும் ஒரேயடியா மாத்தாதீங்க. முதல்ல ராத்திரிச் சாப்பாடு, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, டி.வி.யும் இல்லாம. கொஞ்சமா வெச்சு, கேட்டா மறுபடி வைங்க. அரை மணி நேரத்துல தட்டை எடுத்துடுங்க. இடையில பிஸ்கட், முறுக்கு கொடுத்தா எல்லாம் பாழ். முதல் சில நாள் குறைவாத்தான் சாப்பிடும், பயப்படாதீங்க. ஆனா எடை குறைஞ்சா டாக்டர்ட்ட காட்டுங்க.

அப்பாம்மாகிட்ட ‘காட்டாதீங்க’ன்னு சொல்லாம, ‘கதை சொல்லுங்க’ன்னு கேளுங்க.

நாகர்கோவில்_நூலகன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஆனி ஆடி மழை, அப்புறம் ஐப்பசி மழைன்னு நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமும் உண்டு, புத்தகம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். சுவரோட ஒட்டி அலமாரி வைக்காதீங்க, நாலு விரல்கடை இடைவெளி விடுங்க. நெருக்கி அடுக்காதீங்க. பாச்சா உருண்டை சின்னப் பிள்ளை இருக்க வீட்டுல வேண்டாம், மிட்டாய்னு வாயில போட்டுக்கும். உலர்ந்த வேப்பிலையோ துணியில முடிஞ்ச வசம்போ போதும். பூசணம் வந்துட்டா ஈரத்துணியால துடைக்காதீங்க, அது பரவும். நல்லா காத்தாட விரிச்சு உலர்த்தி, வெளிய வெச்சு மெல்லிய பிரஷ்ஷால தட்டி விடுங்க.