1959 மோரிஸ் மைனரைக் கப்பலில் அனுப்ப வேண்டும், எதில் தொடங்குவது?

கேட்டவர்:
அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர் கார், 1959 மாடல். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, அடியில் அங்கங்கே துரு. குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறோம், இதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பெயிண்ட் டச்-அப் செய்து, அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு அண்டர்கோட் (துரு பிடிக்காமல் பூசும் தார்) அடித்து அனுப்பினால் ஆஸ்திரேலியாவில் இறக்கும்போது நடக்கும் சோதனையில் சுலபமாகத் தாண்டிவிடும் என்கிறார் ஒரு மெக்கானிக். சரியா? மூன்று மாதம் கையில் இருக்கிறது.

கிரீஸ் கை:
அண்டர்கோட்டை இப்போது தொடவே வேண்டாம். சோதிக்கிறவர்கள் பளபளப்பைப் பார்ப்பதில்லை, மண்ணோடு விதையோ பூச்சியோ வந்துவிடக் கூடாது என்று, அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், மண்ணின் மேலேயே புதிதாகத் தார் பூசிய வண்டி என்றால் சந்தேகம்தான் வரும்.

முதல் வேலை காகிதம். வண்டி அந்த ஊர்க் கரையைத் தொடுவதற்கு முன்பே இறக்குமதி ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். 25 வயது தாண்டியதால் பழைய வண்டிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். தயாரான தேதிக்கு ஆதாரம் வேண்டுமென்றால், இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சர்டிஃபிகேட் தருகிறது, மோரிஸுக்கும் கிடைக்கும். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இருக்கிற தகடுகளைத் தேய்க்காமல், பெயிண்ட் அடிக்காமல், இன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது பழைய வண்டிகளில் சூடு தாங்குவதற்காகச் சேர்த்த கல்நார். ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் அதை அடியோடு தடை செய்துவிட்டது, ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட், ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு), வண்டித் தரையில் ஒட்டிய தார் ஷீட், எல்லாமே சந்தேகப் பட்டியல்தான். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பிரேக் டிரம்மைக் கழற்றி அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது. உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள், ஈரமாக்கித்தான் எடுக்க வேண்டும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. பிரேக் ஷூ போன வருஷம்தான் மாற்றினேன், பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் ஃப்ரீ என்று போட்டிருந்தது. அது போதாதா? ஹெட்டையும் கழற்ற வேண்டுமா?

கிரீஸ் கை:
பெட்டியில் எழுதியிருப்பது போதாது. சில நாடுகளில் சிறிதளவு கலந்திருந்தாலும் அப்படி அச்சடிக்கலாம், ஆஸ்திரேலியாவில் அது செல்லாது. சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள், ஆனால் அனுப்பும் முன்பே அந்த லேபின் அங்கீகாரம் ஆஸ்திரேலியாவில் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். ஹெட்டைப் பொறுத்தவரை, பழைய கேஸ்கெட் செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நானாக இருந்தால் கழற்றி, ரிப்போர்ட் உள்ள புதியதைப் போட்டு, பில், போட்டோ, ரிப்போர்ட் மூன்றையும் ஒரே ஃபைலில் வைப்பேன்.

சோக் கம்பி:
மண் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் வண்டியை இரண்டு நாள் கழுவி அனுப்பினேன். அங்கே போனதும் ஸ்பேர் வீல் வைக்கும் பள்ளத்தின் ஓரத்தில், ரப்பருக்கு அடியில், புல் விதை ஒரு கைப்பிடி. திரும்பவும் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டார்கள், அந்தச் செலவும் காத்திருந்த நாட்களின் வாடகையும் என் தலையில்.

அதிலிருந்து நான் பார்க்கும் இடங்கள்: ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே சிக்கிய பூச்சி, பேட்டரி தட்டுக்கு அடியில், ஏர் ஃபில்டர் டப்பா, கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள், கார்பெட்டுக்குக் கீழ். மட்கார்டின் உள் மடிப்பில் விரலை விட்டு இழுத்துப் பாருங்கள், விரல் நுனி பழுப்பாக வந்தால் இன்னும் மண் இருக்கிறது. சீட்டுக்குள் எலிக்கூடு இருந்தால் பஞ்சையே மாற்றிவிடுங்கள். கழுவிய பிறகு வெயிலில் நன்றாகக் காய வேண்டும், ஈரத்தோடு கண்டெய்னரில் பூட்டினால் துரு நிச்சயம்.

இன்னொன்று, அனுப்பும் நாடு, சரக்கோடு ஒளிந்து வரும் நாற்றப்பூச்சிக்காக (ஸ்டிங்க் பக்) ஆஸ்திரேலியா வைத்திருக்கும் அபாயப் பட்டியலில் இருந்தால் செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஏற்றும் வண்டிகளுக்குக் கட்டாயமாகச் சூடேற்றமோ புகையூட்டமோ செய்ய வேண்டும். மே மாதம் அனுப்ப முடிந்தால் அந்தத் தலைவலி இல்லை.

ஸ்பேனர் 12:
ஏற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மைனர் நீளம் 3.8 மீட்டருக்குள், 20 அடி கண்டெய்னரின் உள்நீளம் 5.9, தாராளமாகப் போகும். கதவு அகலம் 2.3 மீட்டர் சொச்சம் என்பதால் உள்ளே போன பிறகு டிரைவர் இறங்க இடம் பத்தாமல் போகலாம், கையால் தள்ளி ஏற்றுவதே மேல். பெட்ரோல் கொஞ்சமே இருக்கட்டும், பேட்டரி வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றுங்கள். பெல்ட்டைச் சக்கரத்தில் போட்டுத் தரையோடு கட்டச் சொல்லுங்கள், பம்பரில் கட்ட விடவே கூடாது, கப்பல் ஆடும் ஆட்டத்தில் அது வளைந்துவிடும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையில் ஐபிபிசி முத்திரை (பூச்சி இல்லாதபடி பதப்படுத்திய மரம் என்ற அடையாளம்) இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும்.

கேட்டவர்:
நாளைக்கே அண்டர்கோட் வேலையை நிறுத்தச் சொல்கிறேன். டிரம் கழற்ற ஆள் பார்த்தாயிற்று. லேப் ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.